கோட்டையைப் பிடித்த தளபதியின் மகள் பெயரா கொன்ஸ்ரன்சியா?

கோட்டைவாசல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணக் கோட்டையில் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டுகிற ஆள் நான். ஊர் குருநகர். ஐந்து வருடமாக இதே வேலை. ஒரு நாளைக்கு மூன்று தடவை சொன்னால் கதை தானாக வாயில் வந்துவிடும். பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், கட்டிய சதுரக் கோட்டை, ஒல்லாந்தர் அதை இடித்து ஐங்கோணமாகக் கட்டியது, ஒல்லாந்து, செலாந்து, உத்ரெக்ற் என்று கொத்தளங்களுக்குத் தங்கள் மாகாணப் பெயர்களை வைத்தது, 1795இல் ஆங்கிலேயரிடம் கொடுத்தது, எல்லாம் மனப்பாடம்.

போன கிழமை தென்னாபிரிக்காவிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். வழக்கம்போல "1658 ஆனியில், மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு, றைக்லொவ் வன் கூன்ஸ் என்ற தளபதி இந்தக் கோட்டையைப் பிடித்தார்" என்று தொடங்கினேன். உடனே அந்த அம்மா என்னை நிறுத்தி, "அவருடைய மகளின் பெயரைத்தான் எங்கள் ஊரில் ஒரு வைன் தோட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள், கொன்ஸ்ரன்சியா" என்றார். கேப்ரவுணுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். 300 வருடத்துக்கு மேல் பழையதாம். நெப்போலியன் குடித்த வைனாம்.

எனக்கு வாயடைத்துவிட்டது. இவ்வளவு நாளும் வன் கூன்ஸ் என்றால் எனக்கு ஒரு பெயர், ஒரு வருடம், அவ்வளவுதான். அந்த ஆளுக்கு மகள் இருந்து, அவள் பெயரில் ஒரு முந்திரிகைத் தோட்டமும் இருக்கிறதென்றால் நாளைக்கே அதை என் கதையில் சேர்த்துவிடுவேன். ஆனால் சொல்லிவிட்டுப் பிறகு பிழை என்று யாராவது பிடித்தால் மானம் போகும். விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது உண்மையா?

(வைன் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தோலகட்டி வைன்தான். நத்தாருக்கு அம்மா ஒரு போத்தல் வாங்கி வைப்பா.)


மானிப்பாய் மருமகள் எழுதியது:

தம்பி, நான் 2018இல் அண்ணா குடும்பத்தோடு கேப்ரவுண் போனபோது அந்தத் தோட்டத்துக்கும் போனேன். பெரிய வெள்ளைச் சுவர், வளைந்த முகப்பு, கூரைக்கு ஓலை மாதிரி வேய்ந்திருக்கும், பின்னால் மலை. அவ்வளவு வடிவு. எங்களைக் கூட்டிப்போன வான்காரப் பொடியன் சொன்னது வேறு கதை. தோட்டத்தைத் தொடங்கிய கவர்னர் தன் மனைவியின் பெயரை வைத்தாராம். "மனைவிமேல் அவ்வளவு அன்பு" என்று சொல்ல, எங்கள் அண்ணி அண்ணாவை ஒரு பார்வை பார்த்தா.

ஆக மகளா மனைவியா? இரண்டில் ஒன்று பிழை.


நொத்தாரிசு மகன் எழுதியது:

இரண்டுமே பிழை என்றுதான் நான் சொல்வேன். ஆறுதலாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு நேரம் நிறைய.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊர் கரவெட்டி. எண்பதுகளில் எங்கள் ஊர் வாத்திமார் பலர் ஆபிரிக்காவுக்குப் போனார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவன். முதலில் லெசோத்தோ, பிறகு கேப்ரவுண். அங்கே வைன்பேர்க் என்ற இடத்தில் கனகாலம் இருந்தேன். அந்தப் பெயரின் பொருளே முந்திரிகைக் குன்று என்பதுதான். அங்கிருந்து கொன்ஸ்ரன்சியா காரில் கொஞ்சத் தூரம். ஊரிலிருந்து யார் வந்தாலும் மேசை மலைக்கும் அந்தத் தோட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. குடிப்பதில்லை, ஆனால் அந்த வீட்டின் ஒவ்வொரு அறையும் எனக்குத் தெரியும்.

மனைவி கதையை முதலில் முடித்துவிடுவோம், அது லேசு. தோட்டத்தை உண்டாக்கியவர் சைமன் வன் டெர் ஸ்ரெல். 1679இல் கேப்புக்கு, அதாவது கேப்ரவுண் இருக்கிற ஒல்லாந்தர் குடியேற்றத்துக்கு, அதிகாரியாக வந்தார். அவருடைய மனைவியின் பெயர் யொஹன்னா யாக்கோபா சிக்ஸ். அந்த அம்மா நெதர்லாந்திலேயே நின்றுவிட்டா, கேப்பில் கால் வைக்கவே இல்லை. கொன்ஸ்ரன்சியா என்ற இலத்தீன் சொல்லுக்கு நிலைபேறு, மனம் மாறாமை என்று பொருள். கடலுக்கு அந்தப் பக்கம் மனைவியை விட்டுவிட்டு வந்தவர் தோட்டத்துக்கு மனம் மாறாமை என்று பெயர் வைத்ததைப் பற்றி மருமகளின் அண்ணி என்ன சொல்வாவோ தெரியாது.

இனி மகள் கதை. பயணிகளுக்குச் சொல்லும் கதைகளில் இதைத்தான் கூடுதலாகக் கேட்கலாம். வன் கூன்ஸ் சைமனுக்குக் காணி கிடைக்க உதவினார், அந்த நன்றிக்கு அவர் மகளின் பெயரைச் சைமன் வைத்தார் என்பார்கள். கேட்க நல்லாயிருக்கிறது. கதைக்குத் தேவையான எல்லாம் இருக்கிறது. ஆனால் சைமன் "இந்தக் காரணத்துக்காக இந்தப் பெயர்" என்று எழுதிய ஒரு துண்டுக் கடதாசி இல்லை. என் அப்பா காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு. "கடதாசி இல்லாத கதைக்கு முத்திரை குத்தாதே" என்பது அவர் வாய்ப்பாடு.

ஏன் எனக்கு நம்பிக்கை வரவில்லை என்று சொல்கிறேன். காணி எழுதிக் கொடுக்கப்பட்டது 1685இல். வன் கூன்ஸ் 1682இலேயே அம்ஸ்ரர்டாமில் செத்துப்போனார். சரி, செத்தவருக்கும் நன்றி சொல்லலாம். ஆனால் கையொப்பம் வைத்தது யார் தெரியுமா? ஹென்றிக் வன் றேடெ. மலையாளக் கரையின் செடிகொடிகளைப் படம் போட்டு 12 பாகமாக அச்சிட்ட அதே வன் றேடெ. இவரும் வன் கூன்ஸும் ஒரு காலத்தில் ஒன்றாகக் கொச்சியில் சண்டை பிடித்தவர்கள். பிறகு மனக்கசப்பு. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனியின் பலத்தை இலங்கையில் குவிக்க வேண்டும் என்று வன் கூன்ஸ், கொச்சியைக் கைவிடக் கூடாது என்று வன் றேடெ. அப்படிப்பட்டவரின் கையால் காணியை வாங்கிக்கொண்டு, அவருக்கு ஆகாதவரின் மகள் பெயரை வைக்கச் சைமன் என்ன விசரனா?

இன்னொன்று. சைமன் ஊருக்குப் பெயர் வைக்கும் விதத்தைப் பாருங்கள். ஸ்ரெலன்பொஸ் என்றால் ஸ்ரெலின் பற்றைக்காடு, தன் பெயர். சைமன்ஸ்பேர்க் என்ற மலை, சைமன்ஸ் குடா, அதுவும் தன் பெயர். வன் றேடெயைக் குளிரப்பண்ண 1687இல் ஒரு பள்ளத்தாக்குக்கு டிராக்கன்ஸ்ரைன் என்று பெயர் வைத்தார். வன் றேடெயின் முழுப் பெயரில் வருகிற பெயர் அது. அதாவது, யாரையாவது குளிரப்பண்ண வேண்டும் என்றால் மறைமுகமாகச் செய்கிற ஆள் இல்லை சைமன். பலகையில் எழுதி நட்டுவிடுவார். வன் கூன்ஸுக்கு மட்டும் ஏன் மகள் வழியாகச் சுற்றிவளைத்து நன்றி?

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் ஏன் இப்படிக் கதைக்கிறேன் என்று விளங்காது. எங்களுக்கு ஊரில் 12 பரப்புக் காணி ஒன்று இருக்கிறது. உறுதியில் அதன் பெயர் "ஆச்சிப்புலம்". வெளியூர் ஆட்களுக்கு இது புதினமாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. ஆள் மாறும், வேலி மாறும், பெயர் உறுதியில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஒல்லாந்தர் தோம்பு என்ற காணிப் பதிவேடு எழுதிய காலத்திலேயே அப்படித்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வது, அந்தக் காலத்தில் ஒரு ஆச்சி தனியாகக் கிணறு வெட்டி அந்த நிலத்தைப் பண்படுத்தினா, அதனால் ஆச்சிப்புலம். பெரியம்மா அந்த ஆச்சியின் நிறம், உயரம், போட்டிருந்த தோடு எல்லாம் சொல்லுவா. நேரில் பார்த்த மாதிரி.

அப்பா ஒருநாள் பழைய உறுதிகளைப் பின்னுக்குப் பின்னுக்குத் தேடிக்கொண்டு போனார். மூன்று உறுதிக்கு முன்னால் பெயர் "ஆத்திப்புலம்" என்று இருந்தது. ஆத்தி மரம் நின்ற புலம். யாரோ ஒரு எழுதுவினைஞர் கூட்டெழுத்தில் "த்தி"யைச் "ச்சி" என்று பார்த்துவிட்டார். அந்த ஒரு எழுத்திலிருந்துதான் ஆச்சி பிறந்தா, கிணறு வெட்டினா, தோடு போட்டா. அப்பா இதைச் சொன்ன அன்று பெரியம்மா அவரோடு கதைக்கவில்லை.

அதனால் ஒரு காணிப் பெயருக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தும்போதெல்லாம் எனக்கு ஆச்சிப்புலம்தான் ஞாபகம் வரும். என் எண்ணம், சைமன் அந்தச் சொல்லை அதன் நேர்ப் பொருளுக்காகவே வைத்தார். இங்கேயே இருப்பேன், மாறமாட்டேன் என்று. அப்படியே இருந்தும் விட்டார். பதவி விட்ட பிறகும் ஊர் திரும்பவில்லை, 1712இல் சாகும்வரை கேப்பில்தான்.


நீர்வேலித் தோட்டக்காரன் எழுதியது:

மாஸ்டர், பெயர்ச் சண்டையை நீங்கள் பாருங்கள். எனக்கு ஒரு கேள்வி. எவ்வளவு காணி? என்ன முந்திரிகை? எங்களிடம் இருப்பது எல்லாம் இஸ்ரேல் புளூ. பந்தல் போட்டு, கவாத்து வெட்டி, மூன்றரை நாலு மாதத்தில் பழம். வருடத்துக்கு இரண்டு தடவை. கொடி நித்திரை கொள்வதே இல்லை. நெப்போலியன் குடிக்கிற அளவுக்கு என்ன விசேஷம் அந்தப் பழத்தில்?


பழைய ஏடு எழுதியது:

மாஸ்டரின் வாதம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஓட்டை இருக்கிறது. வன் றேடெக்கு ஆகாதவர் என்பதால் சைமனுக்கும் ஆகாதவராக இருக்க வேண்டுமா? வன் கூன்ஸ் 1678இலிருந்து 1681 வரை பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கவர்னர் ஜெனரல். கிழக்கே கொம்பனியின் முழு அதிகாரமும் அவர் கையில். சைமன் கேப்புக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். நன்றிக்கடன் இருக்க இடம் இருக்கிறது. கடதாசி இல்லை என்பது மகள் கதைக்கு எவ்வளவு பாதகமோ, உங்கள் "நேர்ப் பொருள்" கதைக்கும் அவ்வளவு பாதகம். உங்களுடைய முத்திரையும் கடதாசி இல்லாமல்தான் குத்தியிருக்கிறது.


நொத்தாரிசு மகன் எழுதியது:

பழைய ஏடு, பிடித்துவிட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது எண்ணம், தீர்ப்பு இல்லை. "இரண்டுமே பிழை" என்று தொடங்கியது வாத்தியார் பழக்கம். மனைவி கதை பிழை, அது நிச்சயம். மகள் கதை நிரூபிக்கப்படாதது, அவ்வளவுதான் சொல்லலாம். ஆனால் என் வோட்டு மாறாது.

நீர்வேலிக்காரருக்கு முதலில் பதில். சைமனுக்குக் கிடைத்தது 891 மோர்கன். மோர்கன் என்பது ஒல்லாந்தரின் நில அளவு. ஹெக்டயரில் 763. எங்கள் கணக்குக்கு மாற்றினால், ஏக்கருக்கு 16 பரப்பு வீதம், ஏறக்குறைய 30,000 பரப்பு! நாங்கள் 12 பரப்புக்கு நாலு தலைமுறை வழக்குப் பேசினோம்.

பழம் மஸ்கற் வகை. இனிப்பு வைனுக்குப் பெயர் போனது. விசேஷம் என்னவென்றால் பழுத்தவுடன் வெட்டமாட்டார்கள். கொடியிலேயே விட்டு வாட விடுவார்கள், முந்திரிகை வற்றல் மாதிரிச் சுருங்கும்வரை. தண்ணீர் வற்றிச் சீனி கூடும். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்வது. பழம் பழுக்கும் மாசி பங்குனியில் வெயிலும் காய்ந்த காற்றும். அதனால்தான் அது முடிகிறது. கொடியும் அங்கே ஆனி ஆடியில் இலை உதிர்த்து நித்திரை கொள்ளும். நீர்வேலியில் பழத்தை அப்படி விட்டால் வௌவாலும் கிளியும் உங்களுக்கு ஒரு பழம் மிச்சம் வைக்குமா?

18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்த வைனுக்கு ஐரோப்பிய அரண்மனைகளில் பெரிய மதிப்பு. நெப்போலியன் கதை உண்மை. சென் ஹெலினாத் தீவில் சிறையிருந்தபோது அவருக்கு இது போனது. கேப்பிலிருந்து கப்பலில் போகிற வழிதானே.

இப்போது தம்பி கோட்டைவாசலுக்கு. மகள் கதையை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனமில்லை. அதைவிட நல்ல சரக்கு தருகிறேன், கடதாசி உள்ள சரக்கு.

ஒன்று, வன் கூன்ஸுக்கும் கேப்புக்கும் தொடர்பு உண்மையாகவே இருக்கிறது. 1657இல் அவர் கொம்பனியின் மேற்பார்வையாளராகக் கேப்பில் இறங்கினார். அப்போது அங்கே ஜான் வன் றீபேக் ஒரு சின்னக் கோட்டையும் மரக்கறித் தோட்டமும் வைத்துக்கொண்டிருந்தார். கொம்பனிச் சேவகத்திலிருந்து விடுபட்டவர்களுக்குக் காணி கொடுத்துக் குடியேற்றியது அந்த வருடந்தான். கேப் குடாநாட்டை ஒரு கால்வாய் வெட்டிப் பிரித்துவிட்டால் என்ன என்று வன் கூன்ஸ் யோசனையும் சொன்னார், நடக்கவில்லை. பிறகு கப்பல் ஏறி இந்தப் பக்கம் வந்தார். அடுத்த வருடம் மாசியில் மன்னார், ஆனியில் யாழ்ப்பாணம். அதற்கும் அடுத்த வருடம், 1659 மாசி 2ஆம் திகதி, கேப்பில் முதன்முதலாக முந்திரிகை பிழிந்து வைன் எடுத்தார்கள். வன் றீபேக் கடவுளுக்கு நன்றி சொல்லி நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கோட்டை வாசலில் நின்றுகொண்டு இந்த மூன்று வருடத்தையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். சைமனின் தகப்பன் ஏட்ரியன் வன் டெர் ஸ்ரெல். மொரீசியசில் கொம்பனி அதிகாரியாக இருந்தார். சைமன் 1639இல் பிறந்தது அங்கே போகிற வழியில், கடலில். பிறகு ஏட்ரியனை இலங்கைக்கு அனுப்பினார்கள். 1646இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அவரைக் கொன்றுபோட்டார்கள். அப்போது யாழ்ப்பாணம் பறங்கியர் கையில், அதனால் கோட்டையோடு அவரை முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். ஆனால் இந்தத் தீவின் மண்ணில்தான். சைமனுக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. ஆக கொன்ஸ்ரன்சியாவை உண்டாக்கியவர் இலங்கையில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை. இதை அந்தத் தென்னாபிரிக்க அம்மாவுக்குச் சொல்லியிருந்தால் அவதான் வாயடைத்துப் போயிருப்பா.

தாய்வழியும் கேளுங்கள். தாய் மரியா லீவன்ஸ். அவவின் தாய் மொனிக்கா. இந்தியக் கரையில், கோவாப் பக்கத்தில் பிறந்து, அடிமையாக இருந்து விடுபட்ட பெண். கேப்பில் முதல் கவர்னர் என்ற பட்டத்தோடு இருந்த வெள்ளைக்கார வீரனின் அம்மம்மா ஒரு இந்தியப் பெண். நான் அங்கே போன காலத்தில், நிறவெறி ஆட்சி முடிந்து இரண்டு மூன்று வருடம், இதைச் சொன்னால் சில பழைய ஆட்களின் முகம் மாறும். எனக்கு அது ஒரு சின்னச் சந்தோசம், மறைக்கமாட்டேன்.


கோட்டைவாசல் எழுதியது:

மாஸ்டர், கும்பிட்டேன். இரண்டு தடவை வாசித்தேன். ஒரு சந்தேகம். சைமனுக்குப் பிறகு அந்தத் தோட்டம் யாருக்குப் போனது? அந்த அம்மா "பெரிய கொன்ஸ்ரன்சியா, சின்னக் கொன்ஸ்ரன்சியா" என்று இரண்டு சொன்னா. எது எது என்று எனக்கு விளங்கவில்லை, தலையாட்டிவிட்டேன்.


நொத்தாரிசு மகன் எழுதியது:

தலையாட்டியது சரிதான், அங்கே இருப்பவர்களுக்கே குழப்பம்.

சைமன் செத்த பிறகு காணியை மூன்று துண்டாக்கி விற்றார்கள். வீடு நின்ற துண்டு குறூற் கொன்ஸ்ரன்சியா, பெரியது. மற்றது கிளைன் கொன்ஸ்ரன்சியா, சின்னது. மூன்றாவது பேர்க்விளீற். எங்கள் உறுதிகளில் "மேற்படி காணியின் கிழக்குப் பங்கு" என்று எழுதுவோமே, அதே வேலை. ஆனால் இன்றைக்குச் சின்னக் கொன்ஸ்ரன்சியா என்று பெயர்ப்பலகை இருக்கிற தோட்டம் அந்தப் பழைய சின்னது இல்லை! பழையது பிறகு "ஹோப் ஒப் கொன்ஸ்ரன்சியா" என்று பெயர் மாறிவிட்டது. இப்போதுள்ளது 19ஆம் நூற்றாண்டில் பெரியதிலிருந்து திரும்பவும் வெட்டிப் பிரித்தது. நான் முதல் தடவை போய்விட்டு வந்து வீட்டில் இரண்டையும் ஒன்றாக்கிப் பிழையாகச் சொன்னேன். மனைவி இன்றைக்கும் ஞாபகப்படுத்துவா.

சரி, வீடு நின்ற பெரிய துண்டு யார் கைக்குப் போனது? ஒலொவ் பேர்க் என்ற சுவீடன்காரக் கப்டன் வாங்கினார். 1724இல் அவர் சாக, மனைவி அன்னா டி கோனிங் உரிமைக்காரி ஆனா. இந்த அன்னாவின் தாய் அஞ்சலா. "வன் பெங்காலன்" என்று பெயருக்குப் பின்னால் எழுதுவார்கள், வங்காளத்துக்காரி என்று. கேப்பில் அடிமைகளுக்கு அப்படித்தான் பெயர். பிறந்த பெயர் போய்விடும், கப்பல் ஏற்றிய கரையின் பெயர் ஒட்டிக்கொள்ளும். வன் மலபார், வன் சிலோன் என்றும் நிறைய. 1657இல் பிள்ளைகளோடு அஞ்சலாவை அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். வன் றீபேக்கின் வீட்டில் வேலை செய்தா. 1666இல் அவவையும் பிள்ளைகளையும் விடுவித்தார்கள்.

வருடத்தைப் பார்த்தீர்களா? 1657. வன் கூன்ஸ் கேப்பில் இறங்கிய அதே வருடம். ஒருவர் கொம்பனியின் மேற்பார்வையாளராக இறங்கினார், ஒரு சின்னப் பிள்ளை தாயோடு அடிமையாக இறங்கியது. 67 வருடம் கழித்து கொன்ஸ்ரன்சியா வீடு அந்தப் பிள்ளையின் பெயரில். இதற்கெல்லாம் கடதாசி இருக்கிறது. பெண்பிள்ளை இல்லாமல் உங்கள் கதை நிற்காது என்றால் இந்தப் பெண்பிள்ளையைச் சொல்லுங்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறகு தோட்டம் கொஞ்சம் கவனிப்பில்லாமல் கிடந்தது. 1778இல் குளூற்றே குடும்பத்து ஹென்றிக் வாங்கினார். வைனுக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். புதுக் கொடி வைத்து, வீட்டைத் திருத்தி, பின்னால் பெரிய வைன் கொட்டில் கட்டினார். 1791இல் கட்டியது. அதன் முகப்பில் அன்ரன் அன்றைத் செய்த சிற்பத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும், குண்டுக் குழந்தைகள் கும்மாளம் அடிக்கும். கொடி நட்டதும் பழம் வெட்டியதும் பிழிந்ததும் அடிமைகள். 1834 வரை அதுதான் நடப்பு. நான் முதலில் போன காலத்தில் வீட்டைச் சுற்றிக்காட்டுபவர்கள் தளபாடம், பீங்கான் என்றுதான் கதைப்பார்கள். பிறகு அடிமைகளைப் பற்றியும் காட்சிக்கு வைத்தார்கள், அது பரவாயில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் கொடிகளுக்குச் சாம்பல் நோய் வந்தது. வியாபாரம் விழ, குடும்பம் கடனில் விழுந்தது. 1885இல் அரசாங்கம் தோட்டத்தை வாங்கியது. மறுவருடமே கேப்பில் வேர்ப்பேன் தலைகாட்டியது. நீர்வேலிக்காரருக்கு இது பிடிக்கும். அமெரிக்க முந்திரிகையின் வேருக்கு அந்தப் பேன் ஒன்றும் செய்யாது. அதனால் அமெரிக்க அடிக்கட்டையில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டித் தப்பினார்கள். அரசாங்கத்தின் கையில் இருந்த கொன்ஸ்ரன்சியா அந்த வேலைக்கு ஒரு பரிசோதனைத் தோட்டம் ஆனது. 1925இல் வீடு எரிந்தது. மருமகள் பார்த்த வீடு அதற்குப் பிறகு திருத்திக் கட்டியது. 1993இலிருந்து ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. பழைய இனிப்பு வைனை நூறு வருடமாக ஒருவரும் செய்யவில்லை. பிறகு 1986 அறுவடையிலிருந்து இப்போதைய சின்னக் கொன்ஸ்ரன்சியாக்காரர் திரும்பத் தொடங்கினார்கள்.


நீர்வேலித் தோட்டக்காரன் எழுதியது:

ஒட்டுக்கட்டின கதை நல்லாயிருக்கு மாஸ்டர். எங்கள் செம்பாட்டு மண்ணில் எனக்கு வேர்ப்பூச்சித் தொல்லை இருக்கிறது, அடிக்கட்டை விசாரித்துப் பார்க்க வேண்டும். வௌவால் கதையும் சரி. வலை போட்டும் போன போகம் பாதி போய்விட்டது.


மானிப்பாய் மருமகள் எழுதியது:

நெடுந்தீவை இன்றைக்கும் டெல்வ்ற் என்று எழுதுகிறார்கள். வேலணையை லெய்டன், காரைநகரை அம்ஸ்ரர்டாம் என்றார்களாம், அதெல்லாம் போய்விட்டது. ஒன்று மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டது? மாஸ்டருக்கு அடுத்த வீட்டுப்பாடம்.

வான்காரப் பொடியன் எங்களிடம் சுத்தப் பொய் சொல்லியிருக்கிறான். அண்ணியிடம் நான் சொல்லப்போவதில்லை.


கோட்டைவாசல் எழுதியது:

இன்று காலை நெதர்லாந்திலிருந்து ஒரு குழு வந்தது, 11 பேர். வன் கூன்ஸ் வந்ததும் நிறுத்தி, 1657, 1658, 1659 என்று மாஸ்டர் சொன்ன மாதிரியே வரிசையாகச் சொன்னேன். பிறகு அன்னாவைப் பற்றிச் சொன்னேன். பின்னால் நின்ற ஒரு தாத்தா கையை உயர்த்தி, "கொன்ஸ்ரன்சியா என்பது வன் கூன்ஸின் மகள் இல்லையா?" என்றார்.

"அப்படியும் ஒரு கதை இருக்கிறது ஐயா, கடதாசி இல்லை" என்றேன். அவருக்கு அவ்வளவு திருப்தி இல்லை. கொத்தளத்தில் ஏறும்போது திரும்பவும் கேட்டார். ஆச்சிப்புலத்தைச் சொன்னேன். ஆத்திக்கும் ஆச்சிக்கும் உள்ள வித்தியாசத்தை மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டவேண்டியிருந்தது. தாத்தா குனிந்து நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்.